கற்றாழை ஜெல் கெடாதிருக்க: பதனப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

எந்தப் பதனப்பொருளை (கெடாமல் காக்கச் சேர்க்கும் பொருளை) வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், செய்யப்போகும் பொருளில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் உருக்கிச் செய்த உதட்டுத் தைலம், நன்றாகக் காயவைத்து அரைத்த நலங்கு மாவு, குளியல் உப்பு ஆகியவற்றில் நுண்ணுயிர் வளரத் தேவையான ஈரம் இல்லாததால் அவற்றுக்குப் பதனப்பொருள் வேண்டியதில்லை. ஆனால் ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போட்டால் என்ன ஆகுமோ, நனைந்த கையால் அள்ளப்படும் சர்க்கரை ஸ்கிரப்புக்கும் அதுவே ஆகும். ஆகவே அதைத் தண்ணீர் கலந்த பொருளாகவே கருதிக்கொள்வது நல்லது.

கற்றாழைச் சோறு, பன்னீர், வேப்பிலைக் கஷாயம் ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் பதனப்பொருள் கட்டாயம். வைட்டமின் ஈ மாத்திரை இரண்டை உடைத்து ஊற்றினால் போதும் என்று நம்பி நானும் ஒருமுறை கற்றாழை ஜெல் செய்து வைத்தேன். நான்காம் நாள் மூடியைத் திறந்தபோது புளித்த மாவின் வாடை அடித்தது. வைட்டமின் ஈ எண்ணெய் காறிப்போவதைத் தாமதப்படுத்துமே தவிர, பாக்டீரியாவையோ பூஞ்சையையோ தடுக்காது.

அடுத்துப் பார்க்க வேண்டியது அமிலத்தன்மை, அதாவது பி.எச். அளவு; இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். பழரசத்திலும் ஊறுகாயிலும் சேர்க்கப்படும் சோடியம் பென்சோயேட் மலிவானது, எளிதில் கிடைப்பது. ஆனால் அது பென்சாயிக் அமிலமாக மாறிய நிலையில்தான் வேலை செய்யும். பி.எச். 4.2-இல் அதில் பாதி அந்த நிலையில் இருக்கும். 5-இல் ஏறத்தாழ 14 சதவீதமாகவும், 6-இல் 2 சதவீதத்துக்கும் கீழாகவும் குறைந்துவிடும். பி.எச். 6 உள்ள கிரீமில் இதை எவ்வளவு கவனமாக அளந்து போட்டாலும் பயனில்லை என்பதற்கு இந்தக் கணக்கே காரணம். பூஞ்சையை அடக்குவதில் வலுவான பொட்டாசியம் சார்பேட்டை இதனுடன் சேர்ப்பது வழக்கம். 200 கிராம் ஜெல்லுக்குப் பென்சோயேட் 1 கிராம், சார்பேட் 0.6 கிராம் என்று கொள்ளலாம். இவ்விரு உப்புகளும் பி.எச். அளவைச் சற்று உயர்த்தும் என்பதால், அவை கரைந்த பிறகே பி.எச். தாளில் தொட்டுப் பார்த்து, சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, 4.5 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டு அமிலத்தைத் தூளாகக் கொட்டினால், விழுந்த இடத்தில் பென்சாயிக் அமிலம் வெள்ளைத் துகள்களாகப் பிரிந்துவிடக்கூடும். வைட்டமின் சி சேர்த்த சீரத்துக்குப் பென்சோயேட் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் சிறிதளவு உருவாக வாய்ப்புண்டு.

பி.எச். அளவைக் குறைக்க முடியாத கிரீம்களுக்கு ஃபீனாக்ஸிஎத்தனாலும் எத்தில்ஹெக்ஸைல்கிளிசரினும் கலந்த திரவம் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கான உச்ச வரம்பு 1 சதவீதம். கிரீம் ஆறிய பிறகு இதைச் சேர்த்து நன்றாகக் கலக்க வேண்டும். பாரபென் என்ற பதனப்பொருள் வகையின் பெயரைக் கேட்டாலே ஒதுங்குபவர்கள் பலர். அந்த வகையைச் சேர்ந்த மெத்தில்பாரபெனை அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் பயன்படுத்துவதைவிட, பதனப்பொருளே இல்லாத கிரீமைக் கண்ணருகில் பூசுவதுதான் எனக்கு ஆபத்தாகத் தோன்றுகிறது.

இவற்றை ஸ்பூனால் அளக்கக் கூடாது, 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு அவசியம். குழாய்த் தண்ணீருக்குப் பதிலாக வாலைவடிநீரை (காய்ச்சி வடித்த நீரை) பயன்படுத்தி, பாத்திரத்தையும் குப்பியையும் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். வாடையோ நிறமோ மாறாவிட்டாலும் உள்ளே கிருமி பெருகியிருக்கலாம் என்பதால், செய்த தேதியைக் குப்பியில் எழுதி ஒட்ட வேண்டும்.

மடலிலிருந்து வழித்தெடுத்த பச்சைக் கற்றாழைச் சோற்றில் நுண்ணுயிருக்கு உணவாகும் சர்க்கரையும் நாரும் இருப்பதால், எந்தப் பதனப்பொருளும் அதை நெடுநாள் காப்பது கடினம். நாள்பட வைக்க விரும்பினால் கற்றாழைப் பொடியை வாலைவடிநீரில் கரைத்துச் செய்யலாம். பச்சைச் சோறுதான் வேண்டும் என்றால், இரண்டு மூன்று நாளுக்கு வேண்டிய அளவு மட்டும் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.