கடல் அறிவியல் புராஜெக்டா? முதலில் தடைக்காலத்தைப் பாருங்கள்

ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையத்தில் படிப்பவர்களோ, நாகர்கோவில் பக்கம் விலங்கியல் எடுத்து மீன் பற்றி புராஜெக்ட் செய்பவர்களோ, யாராக இருந்தாலும் கைடிடம் தலைப்பைச் சொல்வதற்கு முன் காலண்டரைத் திறந்து வையுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் ஒன்றில்லை, இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரை, அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக, மே மாதம் சின்னமுட்டத்தில் நின்றுகொண்டு சாம்பிள் இல்லையே என்று புலம்புவதற்குப் பதிலாகக் குளச்சலுக்குப் பஸ் ஏறலாம், ஜூன் பாதிக்கு மேல் திரும்பவும் சின்னமுட்டம். ஜூன் முதல் இரண்டு வாரம்தான் இரண்டு பக்கமும் படுத்துவிடும். அப்போது வள்ளமும் (நாட்டுப் படகு) கரமடியும் (கரையிலிருந்து இழுக்கும் வலை)தான் கதி, ஆழ்கடல் மீனை எதிர்பார்க்காதீர்கள்.

துறைமுகத்தில் மீன் ஏலம் நடக்கும்போது போய்க் கேள்வி கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. வலை சரிபார்க்கும் நேரத்தில் "அண்ணா, இது எத்தனை பாகத்துல கிடைச்சது?" என்று கேளுங்கள். பாகம் என்பது கடல் ஆழத்தின் அளவு, ஒரு பாகம் சுமாராக 1.8 மீட்டர்.

அப்புறம், சாம்பிள் கெடாமல் வைக்க ஃபார்மலின். கடையில் வாங்குவதை அப்படியே ஊற்றாமல், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு கடல்நீர் கலக்க வேண்டும், கையுறை கட்டாயம். சிப்பி, சங்கை மட்டும் அதில் நாள்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், ஃபார்மலினின் அமிலத்தன்மையில் ஓடு அரித்துப்போகும், அதற்கு 70 சதவீத எத்தனால். லேபிளைப் பென்சிலில் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.