ஏற்காட்டு ரிசார்ட் உறுப்பினர் திட்டம்: வெளியேறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் பெட்ரோல் பங்க்கிலோ வணிக வளாகத்திலோ பெயரும் கைபேசி எண்ணும் எழுதிப் பெட்டியில் போட்ட சீட்டில்தான் பலருக்கு இந்த உறுப்பினர் திட்டம் தொடங்குகிறது. 'பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வாருங்கள்' என்று அழைப்பார்கள். விருந்தும் பேச்சும் முடிவதற்குள், ஆண்டுதோறும் சில நாள் ரிசார்ட்டில் தங்குவதற்கான பல ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மே மாதக் கோடை விழாச் சமயத்தில் கேட்டால் ஏற்காட்டில் அறை இருக்காது. பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டு தவறாமல் வந்து நிற்கும்.

'ஏற்காட்டில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது' என்ற நினைப்பை முதலில் விட வேண்டும். இத்தகைய திட்டங்களில் பெரும்பாலானவை தங்கும் உரிமையை மட்டுமே தருகின்றன. பட்டாவும் இல்லை, பத்திரப் பதிவும் இல்லை. மனை போல விலை ஏறும் என்று காத்திருப்பவர்கள்தான் ஏமாற்றுக்காரர்களிடம் எளிதில் சிக்குகிறார்கள். போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பாது என்பதே என் கணிப்பு.

வெறுப்பில் தவணையை நிறுத்திவிடுவது அடுத்த தவறு. வங்கிக் கடனாக மாற்றப்பட்ட தவணை என்றால் அடிபடுவது, அடுத்த கடன் கேட்கும்போது வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண். ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் காலம், சரண்டர் (உறுப்பினர் உரிமையை நிறுவனத்திடமே திருப்பிக் கொடுப்பது), பெயர் மாற்றம் ஆகிய பிரிவுகளைப் படித்துவிட்டு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் எழுதிக் கேளுங்கள். அறை மறுக்கப்பட்டதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் சொன்னதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் சேலத்தில் குடியிருப்பவர் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

இனி மறுவிற்பனை மோசடி. உங்கள் உறுப்பினர் உரிமையை விற்றுத் தருவதாகச் சொல்லி அழைப்பவருக்கு உங்கள் உறுப்பினர் எண்ணும் வாங்கிய ஆண்டும்கூடத் தெரிந்திருக்கும். அதைக் கேட்டு நம்பிவிடாதீர்கள். அந்தப் பட்டியல்கள் கைமாறி வருபவை. 'ஆள் தயார், நீங்கள் கொடுத்ததைவிடக் கூடுதல் விலை' என்பார். பிறகு தடையில்லாச் சான்றுக்கு ஒரு தொகை, ஜிஎஸ்டிக்கு ஒரு தொகை, 'எல்லாம் திரும்பக் கிடைக்கும்' என்ற உறுதிமொழி. ஒன்றைக் கட்டினால் மற்றொன்று முளைக்கும். ரிசர்வ் வங்கி முத்திரையுடன் கடிதம்கூட வரும்; தனியாருடைய விற்பனைக்கு ரிசர்வ் வங்கி கடிதம் கொடுப்பதில்லை. உண்மையான தரகர் கமிஷனை விற்ற பணத்திலேயே கழித்துக்கொள்ளலாமே! விற்பவர் ஏன் முன்பணம் கட்ட வேண்டும்? இந்தக் கேள்விக்கு அவரிடம் நேரான பதில் இருக்காது. பெயர் மாற்றக் கட்டணம் உண்மையிலேயே இருந்தால், அது ஒப்பந்தத்தில் இருக்கும். நிறுவனத்தின் கணக்குக்கு நேரடியாகச் செலுத்தலாம். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணைப் போடச் சொன்னால் அங்கேயே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல் உடனே இணையவழிப் பண மோசடிக்கான 1930 உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு நகர்ந்துவிடும். வங்கிக்கும் தெரிவியுங்கள். சில மாதம் கழித்து 'ஏமாந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று வேறொரு குரல் அழைக்கலாம். அதுவும் முதலில் கேட்பது கட்டணத்தைத்தான்.