‘செட் ஆஃப்’: கிளம்பும்போது விழுங்கப்படும் சொல்

மாணவர்களின் ஆங்கிலப் பயிற்சித் தாள்களைத் திருத்தும்போதெல்லாம், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகள் வேறொருவர் கையெழுத்தில் திரும்பி வருவதைக் காண்கிறேன். ‘செட் ஆஃப்’ என்றால் பயணம் கிளம்புவது என்பது அவர்களுக்குத் தெரியும். அதன் இறந்த காலமும் ‘செட்’தான் என்பதை எந்த இலக்கண நூலும் சொல்லிவிடும் என்பதால், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஊர்ப் பெயருக்கு முன்னால் ‘ஃபார்’ இல்லாமல் எழுதுவது

தமிழில் ‘ஓசூருக்கு’, ‘ஓசூரிலிருந்து’ என்று வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டியே வருவதால், அதை மறக்க வழியில்லை. ஆங்கிலத்தில் அந்த வேலையை ‘ஃபார்’, ‘ஃப்ரம்’ என்னும் தனிச் சொற்கள் செய்கின்றன. நாமோ, ‘ஆஃப்’ வந்துவிட்டதே என்ற நிம்மதியில் அவற்றை விழுங்கிவிடுகிறோம்.

நான் சென்னையில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது, ஓசூரில் பாதிச் சரக்கை இறக்கிவிட்டுப் பெங்களூரு போகவேண்டிய வண்டி ஒன்று மாலை ஆறு மணிக்குக் கிளம்பியது. ‘தி லாரி செட் ஆஃப் ஓசூர் அட் சிக்ஸ்’ என்று பெங்களூருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். விடுபட்ட சொல் ‘ஃப்ரம்’ என்று அங்கிருந்தவர் எடுத்துக்கொண்டார். ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால், எட்டு மணிக்கே எட்டு லோடுமேன்களை வரவழைத்துவிட்டார். வண்டி போய்ச் சேர்ந்ததோ மறுநாள் காலையில். அவர்கள் காத்திருந்த இரவுக்கான கூலி என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. ஒரு மூன்றெழுத்துச் சொல்லுக்கு அவ்வளவு விலையா என்ற எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

உண்மையில் அந்த வாக்கியத்துக்கு அவர் கொண்ட பொருளும் இல்லை, நான் நினைத்த பொருளும் இல்லை. ‘செட் ஆஃப்’புக்குப் பின் நேராகச் செயப்படுபொருள் வந்தால், அலாரத்தை ஒலிக்கச் செய்வது, பட்டாசைக் கொளுத்துவது போன்ற பொருள்தான் வரும். இலக்கணப்படி என் லாரி ஓசூரை வெடிக்க வைத்திருக்கிறது.

கிளம்புவதையே குறிக்கும் ‘லீவ்’ (இறந்த காலத்தில் ‘லெஃப்ட்’) இதைவிட ஆபத்தானது. ‘லெஃப்ட் ஃபார் மதுரை’ என்றால் மதுரைக்குக் கிளம்பியது. ‘லெஃப்ட் மதுரை’ என்றால் மதுரையை விட்டுக் கிளம்பியது. இரண்டுமே பிழையற்ற வாக்கியங்கள் என்பதால், திருத்துபவர் கண்ணிலும் இது சிக்காது.

‘செட் அவுட்’

பயணத்துக்கு இதுவும் பொருந்தும். ஆனால் ஒரு நோக்கத்தோடு ஒரு காரியத்தில் இறங்குவதைச் சொல்ல ‘செட் அவுட் டு’ என்பதே தகும்.

வழியனுப்புவது

ரயில் நிலையத்தில் உறவினரை வழியனுப்புவது ‘சீ ஆஃப்’. ‘சென்ட் ஆஃப்’ என்று எழுதினால், கால்பந்து பார்ப்பவர்கள் அவருக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டதாக நினைப்பார்கள்.

வரிக் கணக்கில்

வருமான வரிச் சட்டம் பேசும் ‘செட் ஆஃப்’பில் யாரும் எங்கும் கிளம்புவதில்லை, ஓரிடத்து நட்டத்தை இன்னோரிடத்து வருமானத்தில் கழிக்கிறார்கள்.