கிழங்கு இல்லாத கோரை: வட்டக்கோரையை அடையாளம் காண்பது எப்படி?

நெல் நடவு முடிந்து இருபது நாள் ஆனதும் பயிருக்கு நடுவே களை ஒன்று மெலிதாக, வெளிர்பச்சையாகக் கொத்துக் கொத்தாக எழுந்து நிற்கும். பார்த்தவுடன் "கோரை வந்துடுச்சு" என்று சொல்லி மருந்து வாங்கப் போய்விடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். கோரையில் கிழங்கு வைத்து வருஷக்கணக்கில் மண்ணுக்குள் கிடப்பதும் உண்டு, ஒரே போகத்தில் முளைத்துப் பூத்து விதையைக் கொட்டிவிட்டுச் செத்துப்போவதும் உண்டு. இந்த இரண்டாவது வகையில் நம் வயலில் அதிகம் வருவது வட்டக்கோரை. தாவரவியல் பெயர் சைபெரஸ் டிஃபார்மிஸ். எதுவென்று தெரிந்துகொள்ள வேண்டியது பிடுங்குவதற்கு முன்னால் அல்ல, பிடுங்கிய பிறகு.

ஈரம் இருக்கும்போது அடியைப் பிடித்து மெதுவாக இழுங்கள், வாய்க்காலில் வேரை அலசுங்கள். வட்டக்கோரை என்றால் லேசாகச் செம்மை படிந்த நார்வேர்க் கொத்து மட்டும்தான் இருக்கும், கிழங்கும் இருக்காது, பக்கத்துச் செடிக்கு ஓடும் வேர்த்தண்டும் இருக்காது. ஒரு எச்சரிக்கை: கிழங்குக்கோரையை வெடுக்கென்று இழுத்தால் கிழங்கு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், கையில் வந்த செடியைப் பார்த்து "கிழங்கே இல்லையே" என்று ஏமாந்துவிடலாம். நானே ஒரு தடவை அப்படி நம்பி, பத்து நாளில் அதே இடத்தில் திரும்பத் தளிர்த்ததைப் பார்த்த பிறகுதான் களைக்கொத்தால் மண்ணோடு பெயர்த்துப் பார்க்கப் பழகினேன்.

அடுத்தது தண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டுங்கள், மூன்று விளிம்பும் தட்டும். நெல்லிலும் புல்லிலும் இருக்கும் கணு இதில் கிடையாது, அறுத்துப் பார்த்தால் உள்ளே குழாயும் இல்லை, மெத்தென்று சதைதான். இலைகள் மூன்று திசையில் அமைந்திருக்கும், புல்லில் இரண்டே வரிசை. இலை தண்டைச் சேரும் இடத்தில் நெல்லுக்கு இருக்கும் சவ்வு நாக்கு இதற்கு இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், குதிரைவாலிக் களைக்கும் அந்த நாக்கு கிடையாது, அது புல் இனம்.

சரி, இப்போது பூ. நிச்சயமாகச் சொல்ல இதுதான் இடம், பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் போதும். தண்டின் நுனியில் இரண்டு மூன்று நீள இலைகள் விரிந்து பூங்கொத்தைத் தாண்டி நீண்டிருக்கும், அவற்றுக்கு நடுவே சுண்டைக்காய் அளவு, சில சமயம் அதைவிடச் சிறிய, நெருக்கமான உருண்டைகள். வட்டக்கோரை என்ற பெயர் பொருந்துவது இதற்குத்தான். ஒரு உருண்டையைப் பிய்த்து உள்ளங்கையில் உதறுங்கள். அது ஒரே பூ இல்லை, சில மில்லிமீட்டர் நீளமுள்ள சிறுகதிர்கள் திசைக்கொன்றாக நெருங்கி நிற்பதுதான் உருண்டையாகத் தெரிகிறது. ஒரு சிறுகதிரை லென்ஸில் வைத்தால் செதில்கள் எதிரெதிராக இரண்டே வரிசையில் அடுக்கியிருப்பது தெரியும். ஒவ்வொரு செதிலும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, நடுவில் பச்சைக் கோடு, ஓரத்தில் கருஞ்சிவப்பு. இதழ் என்று எதுவும் கிடையாது. ஒன்று அல்லது இரண்டு மகரந்தத்தாள், மூன்று கிளையாகப் பிரிந்த சூல்முடி, அவ்வளவுதான் பூ. இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு ஒழுங்கா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாக இருக்கும்.

குழப்புவது இரண்டு பேர். ஒன்று சைபெரஸ் ஐரியா என்ற இன்னொரு கோரை. அதில் உருண்டை இருக்காது, சிறுகதிர்கள் ஒரு காம்பில் இடைவெளி விட்டு மஞ்சள் கலந்த நிறத்தில் நீளவாக்கில் நிற்கும், விதையும் பெரிது, முற்றினால் கரும்பழுப்பு. பூச்சிகளின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் இளமை ஹார்மோனைத் தனக்குள்ளேயே தயாரிக்கும் செடி அது என்று 1988-ல் கண்டுபிடித்தார்கள், களை என்றாலும் மதிக்க வேண்டிய செடி. இன்னொன்று ஃபிம்பிரிஸ்டைலிஸ், அதுவும் கோரைக் குடும்பம்தான். அதிலும் குட்டி உருண்டைகள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் தனிச் சிறுகதிர், செதில்கள் இரண்டு வரிசையாக இல்லாமல் சுருளாகச் சுற்றியிருக்கும், செடியின் அடியும் விசிறி மாதிரி தட்டையாக இருக்கும்.

வட்டக்கோரைதான் என்று உறுதியானால் உங்கள் கவனம் முழுக்க விதை மேல் இருக்க வேண்டும். முளைத்து ஒரு மாதத்திலேயே விதை கட்டிவிடக்கூடிய செடி இது, ஒரு செடியில் ஆயிரக்கணக்கில் விதை. அதனால் உருண்டை பச்சையாக இருக்கும்போதே களையெடுங்கள், பழுத்த பிறகு பிடுங்கி வரப்பில் போட்டால் அடுத்த போகத்துக்கு நாமே விதைத்த மாதிரி. விதை தூசி அளவுதான் என்பதால் மண்ணின் மேல்பரப்பில் வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும், ஆழத்தில் புதைந்தது முளைக்காது. நேரடி விதைப்பு செய்கிறவர்கள் விதைப்புக்கு முன்பே ஒரு தண்ணீர் விட்டு, முளைக்க வைத்து, மேலாக உழுது அழித்துவிடுவது நல்ல வழி, ஆழமாக உழுதால் கீழே கிடக்கும் பழைய விதை மேலே வந்துவிடும். நட்ட வயலில் சேறு காய்ந்து பிளக்கவிடாமல் ஆரம்பத்திலிருந்தே தண்ணீர் நிற்கட்டும், வெறும் ஈரம்தான் இதற்குப் பிடித்தது.

மருந்து அடித்தே தீர வேண்டும் என்றால் வருஷா வருஷம் ஒரே மருந்தை அடிக்காதீர்கள். கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நெல் வயல்களில் பென்சல்ஃபியூரான் மாதிரி களைக்கொல்லி மருந்துகளுக்குச் சாகாத வட்டக்கோரை 1990களிலேயே வந்துவிட்டது. அடித்த பிறகும் ஒரே இடத்தில் திட்டாகப் பச்சையாக நின்றால் அந்தச் செடிகளை உருண்டை முற்றுவதற்குள் கையாலேயே பிடுங்கி, சாக்கில் போட்டு வயலுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.