சிறையிலிருந்து வந்த முதல் வாரம்: ஃபுட் ஸ்டாம்ப், மருத்துவக் காப்பீடு, எஸ்எஸ்ஐ கேட்பது எப்படி?

அமெரிக்காவில் தண்டனை முடிந்து வருபவருக்கு உணவு உதவிக்கு (ஃபுட் ஸ்டாம்ப்) ஒரு அலுவலகம், வருமானம் குறைந்த முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் அரசு தரும் மாதப் பணத்துக்கு (எஸ்எஸ்ஐ) இன்னொரு அலுவலகம். ஓரிடத்தில் கொடுத்த தகவல் மற்ற இடத்துக்குத் தானாகப் போகாது. குற்றப் பின்னணியைவிட, இல்லாத காகிதமும் தவறிய தேதியும் கவிழ்க்கும் மனுக்கள் ஏராளம்.

படி 1: காகிதம், உள்ளே இருக்கும்போதே

முழுப்பெயரும் விடுதலைத் தேதியும் உள்ள விடுதலைச் சான்றைக் கேட்டு வாங்கி, ஐந்து நகல் எடுங்கள். உதவி அலுவலகங்கள் மனுதாரர் பெயரைக் கைதிகள் பட்டியலோடு ஒப்பிடும். பட்டியல் இன்னும் திருத்தப்படாவிட்டால், நீங்கள் கவுண்டருக்கு முன்னால் நிற்கும்போதே கணினி உங்களைச் சிறையில் இருப்பதாகக் காட்டும். அதற்குப் பதில் இந்த ஒரு தாள்தான். பெயர், அரசு தரும் எண் உள்ள சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். அட்டை தொலைந்திருந்தால் மாற்று அட்டை இலவசம். பிறப்புச் சான்று வர நாளாகும் என்பதால் உள்ளிருந்தே எழுதிப்போடுங்கள்.

படி 2: ஃபுட் ஸ்டாம்ப், முதல் நாளே

ஃபுட் ஸ்டாம்புக்கு ஸ்நாப் என்பதுதான் இப்போதைய பெயர். எல்லாக் காகிதமும் சேரட்டும் என்று காத்திருப்பது பெரிய தவறு. பெயர், முகவரி, கையெழுத்து மூன்றும் இருந்தால் மனுவை வாங்கியே ஆக வேண்டும். உதவி அன்றைய தேதியிலிருந்து கணக்காகும். நிரந்தர வீடு இல்லாதவரும் விண்ணப்பிக்கலாம்.

மாத வருமானம் 150 டாலருக்குக் கீழ், ரொக்கமும் வங்கியிருப்பும் சேர்த்து 100 டாலருக்குள் என்றால் 7 நாளில் உதவி வர வேண்டும். மற்றவர்களுக்கு 30 நாள். சிறைக் கணக்கிலிருந்து கையில் கொடுத்த பணமும் ரொக்கம்தான், மறைக்காதீர்கள். அவசர மனுவுக்கு அடையாளம் மட்டும் உறுதியானால் போதும். ஓட்டுநர் உரிமம் இல்லாவிட்டால், உங்களை அறிந்த ஒருவர் சொல்வதையும் ஏற்க விதி இருக்கிறது. கவுண்டரில் இதை நீங்களே நினைவூட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து நேர்காணல், பெரும்பாலும் தொலைபேசியில். தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டால் போயிற்று. தவறவிட்டால் மனு போட்ட 30 நாளுக்குள் கூப்பிட்டு மறுநேரம் கேளுங்கள்.

“யாரோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறீர்கள்?” என்ற கேள்வியில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒன்றாக வாங்கிச் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரே குடும்பம். எல்லாருடைய வருமானமும் கணக்கில் வரும். முப்பது வயது மகன் பெற்றோர் வீட்டில் தங்கி, தனியாக வாங்கிச் சமைத்தால் தனி மனு போடலாம். 22 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருடன் சேர்த்தே எண்ணுவார்கள். ஹாஃப்வே ஹவுஸில் (விடுதலையானவர்கள் தற்காலிகமாகத் தங்கும் இல்லம்) மூன்று வேளையில் பாதிக்கு மேல் சாப்பாடு அவர்களே போட்டால் ஸ்நாப் கிடைப்பது கடினம்.

போதைப்பொருள் ஃபெலனி (கடுங்குற்றம்) தண்டனைக்கு 1996 சட்டம் ஸ்நாப் பெற வாழ்நாள் தடை போட்டது. மாநிலங்கள் அதை விலக்கவோ தளர்த்தவோ சட்டமே இடம் தருகிறது, பெரும்பாலானவை அப்படியே செய்துவிட்டன. சொந்த மாநில விதியைப் பார்க்காமல் “எனக்குக் கிடைக்காது” என்று திரும்பிவிடாதீர்கள். பழைய வாரன்ட் இருந்தாலோ பரோல் நிபந்தனை மீறப்பட்டிருந்தாலோ, வக்கீலிடம் போய் அதை முதலில் தீருங்கள்.

படி 3: மருத்துவம்

மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) முன்பே இருந்தால் “நிறுத்தி வைத்திருக்கிறீர்களா, மூடிவிட்டீர்களா?” என்று கேளுங்கள். முதலாவது என்றால் திரும்பத் தொடங்கச் சொன்னால் போதும், இரண்டாவது என்றால் புது மனு. மெடிகெய்ட் கிடைக்காதவர் காப்பீட்டுச் சந்தையில் (தனியார் காப்பீட்டுத் திட்டங்களை வாங்க அரசு அமைத்த தளம்) சேர, விடுதலையிலிருந்து 60 நாள் அவகாசம்.

படி 4: எஸ்எஸ்ஐ

ஒரு முழு நாட்காட்டி மாதம் உள்ளே இருந்தால் பணம் நிற்கும். தொடர்ந்து 12 மாதம் ஆனால் தகுதியே முடிந்துபோகும், புதிதாக விண்ணப்பித்து உடல்நிலையையும் மறுபடி நிரூபிக்க வேண்டும். சிறைக்கும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கும் முன்விடுதலை ஒப்பந்தம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் சில மாதம் முன்பே மனு போடலாம். உழைத்துச் சேர்த்த ஊனமுற்றோர் பென்ஷனுக்கு இந்த 12 மாதக் கத்தி இல்லை. விடுதலைச் சான்றைக் காட்டினால் திரும்பத் தொடங்கும்.

உள்ளே இருந்தபோது பணம் வந்துகொண்டிருந்தால், அதைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும். தள்ளுபடி கேட்கத் தனிப் படிவம் உண்டு.

படி 5: மறுத்தால்

ஸ்நாப் மறுப்புக்கு 90 நாளுக்குள் விசாரணை கேட்கலாம். எஸ்எஸ்ஐக்கு 60 நாள், கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து. கடிதத்தில் உள்ள தேதிக்கு 5 நாள் கழித்துக் கிடைத்ததாகவே அவர்கள் கணக்கு. அதற்கும் பின்னால் வந்ததென்றால் நீங்கள்தான் காட்ட வேண்டும், ஆகவே தபால் முத்திரையுள்ள உறையைத் தூக்கிப் போடாமல் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.