போலிப் பல் மருத்துவத்தை எதிர்கொள்வது எப்படி: சிறுநகரப் பல் மருத்துவர்களுக்கு

போலி மருத்துவரிடம் பல் கட்டிக்கொண்டு அவதிப்பட்டு வருபவரிடம் 'ஏன் அங்கே போனீர்கள்?' என்று கேட்காதீர்கள். கடிந்துகொண்டால் அவர் நடந்ததை மறைத்துவிடுவார்; பிறகு புகாருக்குச் சாட்சியும் இருக்காது.

இப்படி வருபவர்களில் பலர் 'கழற்றாத பல்' கட்டிக்கொண்டவர்கள். தானே இறுகும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் கலவையை ஈறின் மேலேயே அப்பி, பக்கத்துப் பற்களோடு கம்பியால் பிணைத்துவிடுவதால், அதனடியில் பிரஷ் நுழையாமல் உணவு தங்கி, ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, நன்றாக இருந்த பற்களும் ஆடத் தொடங்குகின்றன. அதை அகற்றும் முன்பே புகைப்படமும் எக்ஸ்ரேயும் எடுத்து, நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து, சம்பந்தப்பட்டவரின் பெயர் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம், பட்டமில்லாமல் ஏற்கெனவே தொழில் செய்துவந்தவர்களையும் 'பி' பிரிவில் பதிவுசெய்ய இடமளித்தது. அப்படிப் பதிவுபெற்ற தந்தையின் பெயர்ப்பலகையின் கீழ் மகன் தொழில் நடத்தினால் அது சட்டப்படி செல்லாது. பதிவு வாரிசுக்கு இறங்குவதில்லை. பெயர்ப்பலகையின் படம், மருந்துச் சீட்டு, சிகிச்சை நடந்த நாள் ஆகியவற்றோடு, நீங்கள் நேரில் கண்டதை மட்டும் எழுதி, மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் கவுன்சிலுக்கும் பெற்றதற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். ஊர்ப்பேச்சைச் சேர்த்தால் புகார் வலுவிழக்கும்.

நம்பிக்கையை மீட்பதுதான் கடினமான பகுதி, அதற்கு நம் மருத்துவமனையை முதலில் சரிசெய்தாக வேண்டும். வட தமிழ்நாட்டில் 2022–23இல் மூளையைத் தாக்கிய மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா தொற்று ஒரு பல் மருத்துவமனையோடு தொடர்புடையது எனக் கண்டறியப்பட்டது. அங்கே சிகிச்சை பெற்ற எட்டுப் பேர் இறந்தார்கள். சலைன் புட்டியைச் சுத்திகரிக்காத கருவியால் திறந்து, மீந்ததை மீண்டும் பயன்படுத்தியதே காரணமாகச் சுட்டப்பட்டது. கருவிகளை வெந்நீரில் கொதிக்கவைத்தால் கிருமிகளின் வித்துகள் சாவதில்லை. ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலத்தில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பமும் அழுத்தமும் வேண்டும். கருவி உறையை நோயாளியின் கண்ணெதிரே பிரித்து, நிறம் மாறிய அடையாளப் பட்டையைக் காட்டுங்கள்.

கட்டணத்தைத் தமிழில் எழுதி வாசலிலேயே வையுங்கள். வேர் சிகிச்சைக்குத் தவணையில் பணம் வாங்குங்கள். கூலி வேலைக்குச் செல்பவர்களுக்காக மாலையிலும் ஞாயிறன்றும் திறந்திருங்கள். போலி மருத்துவர் அதே தெருவில் இருந்து நாள்தோறும் நலம் விசாரிப்பவர் என்பதால், பல் பிடுங்கியவரை மறுநாள் நீங்களே தொலைபேசியில் அழைத்து, இரத்தம் நின்றதா, சாப்பிட முடிகிறதா என்று கேளுங்கள்.