டெலஸ்கோப்பிக் ஏணி: வாங்கும்போதும் ஏறும்போதும் பார்க்க வேண்டியவை

மடக்கினால் மூன்றடி, கட்டிலுக்கு அடியில் போய்விடும். இழுத்து நீட்டினால் பன்னிரண்டரை அடி. டெலஸ்கோப்பிக் ஏணியை எல்லோரும் வாங்குவது இந்த வசதிக்காகத்தான். ஆனால் சாதாரண ஏணியின் கால் முழுநீளக் குழாய். இதில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த பன்னிரண்டு, பதின்மூன்று துண்டுகள். ஒவ்வொரு துண்டையும் இருபுறமும் சிறிய லாக் பின் ஒன்றுதான் பிடித்து நிறுத்துகிறது. ஏணி நிற்பதும் சரிவதும் அந்தப் பின்களின் கையில் இருக்கிறது.

முதலில் உயரக் கணக்கு. பெட்டியில் போட்டிருக்கும் 3.8 மீட்டர் என்பது ஏணியின் நீளம், நாம் ஏறி நிற்கும் உயரம் அல்ல. சரியான சாய்வில் வைத்தால் அதன் உச்சி தரையிலிருந்து சுமார் 3.65 மீட்டரில் இருக்கும். மேல் மூன்று படிகளில் நிற்கக் கூடாது. படிக்குப் படி 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கால் வைக்கக்கூடிய கடைசிப் படி 2.8 மீட்டரில் முடிந்துவிடும்.

ஒரு மாடி கூட இல்லாத வீடுதானே, வெளியிலிருந்தே மொட்டை மாடிக்கு ஏறிவிடலாம் என்று 12.5 அடி ஏணியை வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. அஸ்திவார மேடை 2 அடி, தளம் 10 அடி, கைப்பிடிச் சுவர் 3 அடி, ஆக 15 அடி. அதற்கு மேலும் ஏணி 3 அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சாய்வையும் சேர்த்தால் 18 அடியைத் தாண்டும். அந்த வேலைக்கு இந்த வகை ஏணியையே தேட வேண்டாம், கயிறு இழுத்து நீட்டும் இரட்டை அலுமினிய ஏணிதான் சரி. அதே 3.8 மீட்டர் ஏணி, மொட்டை மாடியில் இருந்து படிக்கட்டு அறையின் மேல் உள்ள தண்ணீர் டேங்கிற்கு ஏறக் கச்சிதமாக இருக்கும். அறை உயரம் 8 அடி, மேலே நீட்டிக்கொண்டிருக்க 1 மீட்டர், இரண்டுக்கும் சேர்த்து 3.5 மீட்டர் போதும்.

மின்விசிறி மாட்ட, பரணில் இருந்து சாமான் எடுக்க என்றால் சாய்க்கும் ஏணி உதவாது. அறை நடுவில் சாய்க்கச் சுவர் ஏது? இருபுறமும் விரியும் ஏ வடிவ டெலஸ்கோப்பிக் ஏணியை வாங்குங்கள்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். அதிகபட்ச எடை 150 கிலோ என்று இருக்க வேண்டும். அந்த எடையில் ஆளோடு கையில் இருக்கும் டிரில்லும் வாளியும் அடக்கம். டெலஸ்கோப்பிக் ஏணிகளுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 131-6. அந்த எண் இருந்தால் நல்லது, ஆனால் ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதனால் கையால் சோதிப்பதை விட்டுவிடக் கூடாது. 3 மீட்டருக்கு மேற்பட்ட ஏணி என்றால் அடியில் அகலமான குறுக்குச் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத ஏணி பக்கவாட்டில் எளிதாகப் புரளும்.

கடையிலேயே முழுவதும் நீட்டிப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கியது என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டில் செய்யுங்கள். ஒவ்வொரு படியையும் இழுக்கும்போது இடம், வலம் இரண்டு பக்க லாக்கும் ‘டக்’ என்று விழ வேண்டும். ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் விழாவிட்டால் படி மிக லேசாகச் சாய்ந்து நிற்கும். கண்ணுக்குத் தப்பும், ஆனால் இரு கையாலும் படியைக் கீழ்நோக்கி அழுத்தினால் அந்தப் பக்கம் இறங்கும். இரண்டு முறை நீட்டி மடக்கியும் அதே படி தகராறு செய்தால் அந்த ஏணி வேண்டாம். குழாய் வாயில் உள்ள பிளாஸ்டிக் வளையங்களில் விரிசல் இருந்தாலும் வேண்டாம். மடக்கும்போது மெதுவாக இறங்கும் வகை கொஞ்சம் விலை கூடுதல், விரல்களை நினைத்தால் கொடுக்கலாம்.

இனி பயன்படுத்தும் முறை. ஏணியைச் செங்குத்தாக நிறுத்தி, அடிப்படியைக் காலால் அழுத்திக்கொண்டு ஒவ்வொரு படியாக இழுங்கள். மேலிருந்து தொடங்குவதா, கீழிருந்தா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். முழு உயரம் தேவைப்படாதபோது வரிசை தப்பி நடுவில் ஒன்றிரண்டு படிகளை மூடி வைக்கக் கூடாது. ஒரு துண்டு முழுதாக நீண்டு லாக் ஆகியிருக்க வேண்டும், அல்லது முழுதாக மூடியிருக்க வேண்டும்.

பலர் முதல் படியில் ஏறி இரண்டு குதி குதித்துவிட்டு, ஏணி நன்றாக இருக்கிறது என்று மேலே போய்விடுகிறார்கள். அது எதையும் நிரூபிக்காது. நாம் நிற்கும் படிக்குக் கீழே உள்ள லாக்குகள்தான் எடையைத் தாங்குகின்றன, மேலே உள்ளவை சும்மா இருக்கின்றன. ஏற ஏறத்தான் ஒவ்வொன்றாகச் சுமைக்கு வரும். ஒன்பதாவது படியின் லாக் சரியாக விழவில்லை என்பது ஒன்பதாவது படியில் கால் வைக்கும்போதுதான் தெரியும். அதனால் நீட்டும்போதே ஒவ்வொரு படியையும் அழுத்திப் பார்த்துவிட வேண்டும்.

சாய்வுக்குக் கணக்கு எளிது. ஏணி சாயும் இடம் எவ்வளவு உயரமோ, அதில் நான்கில் ஒரு பங்கு அடிப்பக்கம் தள்ளியிருக்க வேண்டும். 2.4 மீட்டர் சுவருக்கு 60 செ.மீ. அதைவிடக் கிட்டே வைத்தால் பின்னால் மல்லாக்கும். தூரத் தள்ளினால் அடி வழுக்கும், குழாய்களும் நடுவில் வளையும். மொட்டை மாடியில் டேங்க் வழிந்து பாசி பிடித்த இடம், ஈரமான வெள்ளைப் பூச்சு, தண்ணீர் ஓடச் சரித்த ஓரம் ஆகியவற்றில் ரப்பர் அடி நிற்காது. உலர்ந்த இடமாகப் பாருங்கள். ஒரு காலுக்கு அடியில் செங்கல் முட்டுக்கொடுப்பதை மறந்துவிடுங்கள். உச்சியைச் சுவரில்தான் சாய்க்க வேண்டும், பி.வி.சி. குழாயிலோ டேங்கின் விளிம்பிலோ அல்ல. மேலே ஒரு கொக்கி இருந்தால் நைலான் கயிற்றால் கட்டுங்கள். ஒருவர் அடியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

ஏணியைப் பார்த்தபடி, இரண்டு கை ஒரு கால் அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் ஏணியில் இருக்கும்படி ஏறுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம். சுவர் விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் படிகள் கைக்குத்தான். அங்கே கால் வைத்தால் ஏணியின் அடி தூக்கும். டேங்க் கழுவும் வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள், மேலே போனபின் கயிறு கட்டி இழுத்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் இந்த வேலையே வேண்டாம்.

இது அலுமினியம். மின்கம்பி மாடியை ஒட்டிப் போகும் தெருக்களில், நீட்டிய ஏணியை நிமிர்த்தும் நேரம்தான் ஆபத்தானது. கம்பியிலிருந்து 10 அடியாவது விலகியிருக்க வேண்டும். வீட்டுக்குள் விசிறியைத் தொடும் முன் மெயின் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கரண்ட் போனதாக நினைத்து அது உடனே விசிறி லைனுக்கு மின்சாரம் கொடுத்துவிடும். இரண்டையும் அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகு ஏறுங்கள்.

மடக்கும்போதுதான் விரல் நசுங்கும். லாக்கை விடுவித்ததும் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும். கட்டைவிரலைப் பட்டனிலும் மற்ற விரல்களைக் குழாயின் வெளிப்பக்கத்திலும் வையுங்கள், படிகளுக்கு இடையே எதுவும் இருக்கக் கூடாது.

குழாய்களுக்கு எண்ணெய், கிரீஸ் போடாதீர்கள். தூசி ஒட்டி லாக்கை அடைத்துவிடும். உலர்ந்த துணி போதும். பெயின்ட் துளியும் சிமென்ட் பாலும் விழுந்தால் காயும் முன்பே துடைத்துவிடுங்கள். மாடி வெயிலில் போட்டுவைத்தால் ரப்பர் அடி வெடிக்கும். குழாய் ஒடுங்கிவிட்டால் தட்டி நிமிர்த்துவதோ, லாக் போன இடத்தில் துளையிட்டு போல்ட் மாட்டுவதோ கூடாது. அந்த ஏணியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் குறுக்கே அறுத்துவிடுங்கள், வேறு யாராவது வாங்கிப்போய் ஏறப் பார்ப்பார்கள்.